நான் படித்துக் காட்டிய வீட்டுப் பத்திரம்

மலாயாவில் பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்தபோது எனக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. மண்டைக்கனம் மட்டும் நன்றாக முளைத்திருந்தது. அந்தத் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில் பிறந்து, பட்டணத்து இங்கிலீஷ் பள்ளியில் படித்துவிட்டு, அதே தோட்டத்து ஆபீஸ் நாற்காலியில் வந்து உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். நேற்றுவரை ‘டேய்’ என்று கூப்பிட்டவர்கள் ‘ஐயா’ என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இல்லை என்று எழுதினால் இன்னொரு பொய் சேர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸ் படிக்கட்டில் ஆட்கள் வந்து நிற்பார்கள். அப்போது எல்லாருக்கும் வெளியே ஒரு வீடு வாங்கிப்போட வேண்டும் என்ற கவலை. செக்ரோல் என்கிற ஆட்பதிவேட்டில் பெயர் இருக்கிறவரைக்கும்தான் லயத்து வீடு. பெயரை வெட்டிவிட்டால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

“விக்கிறவரு கைநாட்டு வச்சா போதுமாய்யா, அவரு சம்சாரமும் வைக்கணுமா?”

“பத்திரம் நம்ம கைக்கு வந்துட்டா வீடு நம்மளதுதானே?”

“லாயர் இல்லாம முடியாதாய்யா?”

இதில் ஒன்றுக்குக்கூட எனக்கு விடை தெரியாது. எனக்குத் தெரிந்தது ரப்பர் பால் எடை எழுதுவதும் துரைக்குக் கடிதம் அடிப்பதும்தான். ஆனாலும் ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நான் மூக்கைச் சுளித்துக்கொண்டு யோசிப்பதைப் பார்த்தே பாதிப்பேர் நம்பிவிட்டார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒரு அக்காவும் இருந்தார். நான் பிறந்த லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. அவரும் புருசனும் பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவர்கள். புருசனுக்குக் கண்ணில் புரை விழுந்து, பட்டையோடு மரத்தையும் சேர்த்து வெட்டத் தொடங்கியிருந்தார். கங்காணி இரண்டு தடவை எச்சரித்துவிட்டார். மூன்றாவது தடவை செக்ரோலில் பெயரை வெட்டுவதுதான் என்று தோட்டம் முழுக்கத் தெரியும்.

பட்டணத்து ஓரத்தில் ஒரு வண்டிக்காரர் தம் பலகை வீட்டை விற்றுவிட்டுக் கப்பலேறி ஊருக்குப் போக இருந்தார். இரண்டு அறை, தகரக் கூரை, பின்னால் நாலு வாழை. அக்கா தம் வளையல்களை விற்று விலையைப் பேசி முடித்திருந்தார். பத்திரத்தை நான் ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்பதுதான் பாக்கி.

தாளைப் பிரித்தேன். முழுக்க ஜாவி. மலாய்ப் பேச்சை அரபு எழுத்தில் எழுதுவார்களே, அது. எங்கள் கெடா மாநிலத்தில் நிலத்துத் தாளெல்லாம் அப்போது அப்படித்தான் இருக்கும். சந்தையில் மீன் வாங்குகிற அளவுக்கு எனக்கு மலாய் பேச வரும். ஜாவியில் எது தலை எது வால் என்றுகூடத் தெரியாது. கீழே வட்டமாக ஒரு முத்திரை இருந்தது. அதை வைத்துத்தான் தாளை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கண்டுபிடித்தேன்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புருசனும் பார்த்தார், கண் தெரிந்தவரைக்கும். தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என்னால் முடியவில்லை. விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி ‘ம்’ என்றேன். அந்த ‘ம்’மை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

“எல்லாம் சரியா இருக்குக்கா. கவர்மெண்டு முத்திரை இருக்கு பாருங்க.”

“வருசா வருசம் லேண்டாபீசுல காசு கட்டணும்னு வண்டிக்காரரு சொன்னாருய்யா.”

“அது வரிக்கா. நெலம் வச்சிருக்கிற எல்லாரும் கட்டுறதுதான்.”

அத்தோடு விவகாரம் முடிந்தது. மாரியம்மன் கோயிலில் வெற்றிலைத் தட்டில் பத்திரத்தையும் சாவியையும் வைத்து, கற்பூரம் கொளுத்தி, ஆட்கள் முன்னால் வண்டிக்காரர் கைமாற்றிக் கொடுத்தார். எங்கள் ஆட்களுக்கு அதுதான் பதிவு. நானும் முன்வரிசையில் நின்றேன். முதல் சந்தனம் எனக்குத்தான்.

மறுவருடம் லேண்டாபீசுக்குப் பணம் கட்டப் போன அக்கா, தாளும் கையுமாக நேராகத் தோட்டத்து ஆபீசுக்கு வந்தார். கோபமாக இருந்தார், ஆனால் என்மேல் இல்லை.

“அந்த ஆபீசருக்குப் படிக்கத் தெரியலைய்யா. வீடு உன்னோடது இல்லைங்கிறான். நீங்க வந்து படிச்சுக் காட்டுங்க, அப்பத்தான் அவனுக்குப் புரியும்.”

தட்டிக்கழிக்கப் பார்த்தேன். விடவில்லை. இருவரும் பஸ் ஏறிப் போனோம். நில அலுவலகத்தில் இருந்தவர் என் வயதுள்ள மலாய்க்காரர், நல்ல மனிதர். கோயில் மஞ்சள் அப்பியிருந்த அந்தத் தாளை மேசையில் விரித்து, பாதி இங்கிலீஷிலும் பாதி மலாயிலுமாகப் பொறுமையாக எனக்கு விளக்கினார். இது பத்திரமே இல்லை. அரசாங்க நிலத்தில் ஒரு வருடம் தங்கிக்கொள்ளக் கொடுத்த அனுமதிச் சீட்டு. வண்டிக்காரர் பெயருக்கு மட்டும்தான் செல்லும். விற்க முடியாது, மாற்றவும் முடியாது. அது மூன்றாவது வரியிலேயே எழுதியிருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினார். அந்த இடத்தில் பள்ளிக்கூடம் வரப்போவதால் புதுச் சீட்டும் கிடையாது.

“ரூமா போலே அம்பில், தானா தக் போலே,” என்றார். வீட்டை எடுத்துக்கொண்டு போகலாம், தரையை எடுக்க முடியாது.

அக்கா என் பக்கம் திரும்பினார். “என்னய்யா சொல்றான்?”

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம் அது. என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாய் தயாராக இருந்தது.

“சட்டத்தை மாத்திட்டாங்கக்கா. நாம வாங்கினப்ப சரியாத்தான் இருந்துச்சு.”

அவர் நம்பினார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டு, “உங்களையும் வீணா அலைய வச்சுட்டேன்,” என்றார். எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அதையும் நான் குடித்தேன்.

வீட்டைப் பலகை பலகையாகப் பிரித்தார்கள். வைக்க இடமில்லை. தோட்டத்துக்குள் கொண்டுவரத் துரை ஒத்துக்கொள்ளவில்லை, நானும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. ஒரு கோழிப்பண்ணைக்காரர் வந்து லாரியில் அள்ளிக்கொண்டு போனார். அந்த வருடமே புருசனின் பெயரைச் செக்ரோலிலிருந்து வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. வெட்டியது என் பேனாதான். லயத்து வீடு அவர் பெயரில் இருந்ததால் அதுவும் போனது. இருவரும் வேறொரு தோட்டத்தில் மகளுடைய லயத்து வீட்டு அடுப்படியில் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா திரும்ப வந்தார். மருமகன் ஒரு வீடு பார்த்திருக்கிறாராம். மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசையில் வைத்தார். அதுவும் ஜாவி.

“லாயர்கிட்டப் போகலாம்னு மருமகன் சொன்னாருய்யா. நான்தான் வேணாம்னேன். நம்ம ஐயா இருக்கிறப்ப லாயர் எதுக்கு?”

நான் தாளைத் தொடவில்லை. “லாயர்கிட்டயே போங்கக்கா,” என்றேன்.

அவர் முகம் வாடிப்போனது. “எங்க மேல என்ன கோவம்யா? படிக்க மாட்டேங்கிறீங்க?”

பேனாவை மூடி வைத்தேன்.

“எனக்கு ஜாவி படிக்கத் தெரியாதுக்கா.”

அவர் லேசாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். தாளை எடுத்து மெதுவாக மடித்து மடியில் செருகினார். வாசல்வரைக்கும் போனவர் அங்கேயே நின்றார்.

“அப்ப, அன்னைக்கு என்னத்தப் படிச்சீங்க?”

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.