இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு

நாரந்தனை பஸ்ரியாம்பிள்ளை பதினெட்டு வருஷம் கொழும்பில் ஒருவரும் கவனிக்காதபடி ட்ரம்பெற் வாசித்தவர். பகிடி இல்லை, அதுதான் அவருடைய உத்தியோகம். கடலோரத்து ஹோட்டல் ஒன்றில் துரைமார் கத்தியும் முள்ளுக்கரண்டியுமாக இருந்து சாப்பிட, மூலையில் நின்று ஐந்து பேர் ஜாஸ் வாசிப்பார்கள். பேச்சுக்குக் கீழேதான் வாத்தியம் நிற்க வேண்டும். யாராவது திரும்பிப் பார்த்தால் சத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். அப்படி மெல்ல ஊதுவதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்பது ஊதினவனுக்குத்தான் தெரியும்.

அறுபத்தாறாம் ஆண்டில் ஒரு கம்பனி, பல ஹோட்டல் பாண்டுகளின் பாட்டுகளில் பன்னிரண்டைத் தெரிந்தெடுத்து ஒரு இசைத்தட்டுப் போட்டது. விருந்துக்காரர் கதைத்துக்கொண்டிருக்கப் பின்னால் மெதுவாக ஓடவிடும் தட்டு. அட்டையில் ஒரு மேசைவிளக்குப் படம், இரண்டு கிளாஸ். வாசித்தவர்களின் பெயர் மருந்துக்கும் கிடையாது. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டுக்கு ட்ரம்பெற் பஸ்ரியாம்பிள்ளை.

எழுபத்துநாலில் அவர் ஊரோடு வந்து சேர்ந்தபோது அந்தத் தட்டைத் துவாயில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே வந்தார். ஊர் அவரை வேறு வேலைக்குப் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்தில் வேதக்காரர் செத்தவீடு என்றால் சவப்பெட்டிக்கு முன்னால் பாண்ட் போக வேண்டும். மூன்று வருஷமாக அடக்கத்துக்குச் சேமக்காலைக்குப் போன அத்தனை பேருக்கும் முன்னால் பஸ்ரியாம்பிள்ளையின் ட்ரம்பெற் போனது. தட்டுக் கதையை மட்டும் ஒருவரும் நம்பவில்லை.

மகள் ஜசிந்தாவுக்குச் சம்பந்தம் பேசவந்த ஊர்காவற்றுறை வின்சன்ற் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு வள்ளம் வைத்திருப்பவர். கண்ணால் காணாததை நம்பமாட்டார்.

"பேர் இல்லையே, சம்பந்தி. ஆரோ வெள்ளைக்காரன் ஊதினதாக்கும். நீர் பக்கத்திலை நிண்டிருப்பீர்."

பஸ்ரியாம்பிள்ளை சிரித்துச் சமாளித்தார். உள்ளே பற்றி எரிந்தது. பெண்ணைக் கொடுக்கும் இடத்தில் தகப்பன் புளுகன் என்ற பெயரோடு நிற்பதா? கலியாணச் சாப்பாட்டுக்கு இந்தத் தட்டுத்தான் என்று அன்றைக்கே முடிவுகட்டினார்.

ஒலிபெருக்கிக்காரன் தியாகலிங்கத்திடம் படித்துப் படித்துச் சொன்னார்: "சனம் சாப்பிடேக்கை மெல்லமாப் போடும். கதைக்கிற சத்தத்துக்குக் கீழை நிக்கவேணும்."

"ஓம் அண்ணை, ஓம்," என்றான் தியாகலிங்கம். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் காரைநகருக்குக் கேளாத கலியாணத்தை அவன் கலியாணமாகவே கணக்கெடுப்பதில்லை. ஒலிபெருக்கிப் புனல் இரண்டையும் பனை உச்சியில் கட்டி, சத்தத் திருகியைக் கடைசிவரை திருகிவிட்டான். முதல் பக்கம் முழுதும் பியானோதான். சனம் கத்திக் கத்திக் கதைத்து ஒருவழியாகச் சமாளித்தது. இரண்டாம் பக்கத்து மூன்றாவது பாட்டு வந்தது. நீண்டு, தாழ்ந்து, ஆறுதலாக வரும் ட்ரம்பெற் காற்றோடு பக்கத்து ஊரான கரம்பன் பக்கம் போனது.

பந்தலில் இரண்டாவது கறி வைக்கும்போது, படலையடியில் ஒப்பாரி கேட்டது. வெள்ளைச் சேலையும் செபமாலையுமாகக் கரம்பன் மரியநாயகி, பின்னால் இன்னும் நாலு பெண்கள். மணவறையில் ஜசிந்தாவைக் கண்டதும் அழுகை அரைவாசியில் நின்றது. பஸ்ரியாம்பிள்ளையின் மனைவி எமிலி நெஞ்சில் சிலுவை போட்டாள்.

வின்சன்ற் இலையை விட்டு எழும்பினார். "கலியாண வீட்டிலை ஒப்பாரியோ? என்ன ஊர் இது!"

பஸ்ரியாம்பிள்ளை கறிச்சட்டியும் கையுமாக நடுப்பந்தலில் நின்றார். எல்லாம் தன்னுடைய பெருமையால் வந்த வினை. தட்டை உடைத்து எறியலாம் போல இருந்தது.

"கோவியாதையுங்கோ," என்றாள் மரியநாயகி, மூச்சு வாங்கியபடி. "பஸ்ரி அண்ணை ஊதினது கேட்டுது. அவர் ஊதினாச் செத்தவீடுதானே. கும்பிட்டுப்போட்டு ஓடி வந்தனாங்கள்."

"அவர் எங்கை ஊதினவர்? கறியெல்லோ வைக்கிறார். அது தட்டு!" என்றார் வின்சன்ற்.

"தட்டோ, சட்டியோ, எனக்குத் தெரியாது. ஊதினது அவர்தான்." அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "என்ரை மனுசனைச் சேமக்காலைக்குக் கொண்டு போகேக்கை இவர்தான் முன்னாலை ஊதிக்கொண்டு போனவர். கடைசியிலை ஒரு இழுப்பு இழுத்து, விடுகிறமாதிரி விட்டு, திருப்பிப் பிடிப்பார். நித்திரையிலை கேட்டாலும் எனக்குத் தெரியும். வேறை ஆருக்கு அப்பிடி ஏலும்?"

பின்னால் நின்ற நாலு பேரும் "ஓம், ஓம்" என்றார்கள். அவர்கள் வீடுகளுக்கும் அந்த ட்ரம்பெற் போயிருந்தது.

வின்சன்ற் நின்றபடியே சம்பந்தியைப் பார்த்தார். பிறகு இலைக்கு முன்னால் திரும்ப இருந்தார். "தியாகலிங்கம், அந்தப் பாட்டை முதலிலை இருந்து போடும்."

"சத்தத்தைக் குறைக்கட்டோ?"

"வேண்டாம்," என்றாள் எமிலி, முந்திக்கொண்டு. பதினெட்டு வருஷம் அவரைக் கொழும்புக்குக் கொடுத்தவள் அவள். "அப்பிடியே விடும். காரைநகருக்கும் கேக்கட்டும்."

மரியநாயகிக்கும் ஓர் இலை போட்டார்கள். பாட்டு மறுபடி தொடங்கியது. வின்சன்ற் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பஸ்ரியாம்பிள்ளை கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். உதடு தன்பாட்டில் குவிந்தது.

"இப்ப வரும்," என்று மரியநாயகி பக்கத்து இலைக்காரியின் கையைப் பிடித்தாள். "கேளுங்கோ."

பந்தலில் ஒருவரும் சாப்பிடவில்லை.