காகிதம் கறுத்தால் கல்யாணம்

ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தயாரித்த அன்று வகுப்பே வெளியே ஓடியது. நான் மட்டும் உள்ளே நின்றேன். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. எதற்கு ஓடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். இரும்பு சல்ஃபைடின்மேல் அமிலத்தை விட்டால் அந்த வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். மயிலாப்பூரிலிருந்தும் மாம்பலத்திலிருந்தும் வந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவில் இருமினார்கள். "உனக்கு நாத்தம் தெரியலையா?" என்று மேடம் கேட்டார். "எந்த நாத்தம் மேடம்?" என்றேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கால்வாய் ஓரமாக இருந்தது. அதில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததில்லை. கறுப்பாகத் தேங்கிக் கிடக்கும், வெயில் ஏறினால் குமிழி விடும். பிறந்ததிலிருந்து மூக்குக்குள் போய்க்கொண்டிருந்த காற்றுக்கு ஒரு பெயரும் சூத்திரமும் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூக்கு மரத்துப்போனாலும் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். வடிதாளைக் காரீய அசிடேட் கரைசலில் நனைத்து அந்த வாயுவில் பிடித்தால் கறுத்துவிடும். எனக்கு இந்த மாதிரி சோதனைகள் என்றால் உயிர். எரிகிற குச்சியைக் காட்டும்போது 'பக்'கென்று சத்தம் வந்தால் ஹைட்ரஜன். தணல் குச்சி மறுபடி பற்றிக்கொண்டால் ஆக்சிஜன். மனிதர்களைப்போல 'யோசிச்சுச் சொல்றோம்' என்று இழுத்தடிக்கிற வேலையே கிடையாது.

வீட்டிலும் நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்து, பப்பாளித் தண்டால் நைனாவை ஊதச் சொன்னேன். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனிதர், "என் மூச்சுல பால் கீதாடி?" என்று குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார். இன்னொரு நாள் பாலில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டேன். நீலமாகிவிட்டது. மாவு கலந்திருக்கிறது என்று அர்த்தம். அம்மா பால்காரரோடு போட்ட சண்டை தெருமுனை வரை கேட்டது. அதற்கப்புறம் நான் எந்த பாட்டிலைத் திறந்தாலும் வீட்டில் கதிகலங்கினார்கள்.

ஆனால் அப்போது அம்மாவின் நிஜமான கவலை அக்காவின் கல்யாணம்தான். அக்கா என்னைவிட மூத்தவள், நன்றாகத் தைப்பாள், என்னைவிட அழகு, என்னைவிடப் பொறுமை. அப்படியும் வந்த வரன்கள் தட்டிக்கொண்டே போயின. காரணம் அவள் கால் கொலுசு. பல்பொடி போட்டு எத்தனை தேய்த்தாலும் மறுபடி கறுத்துவிடும். வெள்ளி கறுத்தால் போட்டிருப்பவளுக்கு ஏதோ சீக்கு, உடம்புச் சூடு, ரத்தக் கோளாறு என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்த்த கையோடு காலையும் பார்ப்பார்கள்.

ராயபுரத்திலிருந்து வந்தவர்களும் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை, வீடு கடற்கரையை ஒட்டி. அக்கா காபி கொடுக்கக் குனிந்தபோது மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று கேட்டார். "இன்னாமா, கொலுசு இப்டி கறுத்து கீது? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" அம்மா ஏதோ சொல்லி மழுப்பினாள். போகும்போது யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். ஆடி பிறக்கக் கொஞ்ச நாள்தான் இருந்தது. பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா கொலுசைக் கழற்றித் தேய்த்துக்கொண்டே, "எனுக்கு அவரப் புடிச்சிருந்துச்சுடி" என்றாள். அவள் வாயைத் திறந்து எதையும் ஆசைப்பட்டதில்லை. எனக்குச் சுருக்கென்றது. கூடவே ஆத்திரமும் வந்தது. வெள்ளியும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்தால் கறுப்பு சல்ஃபைடு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். வீட்டிலேயே அது நடந்துகொண்டிருப்பது என் மண்டையில் உறைக்கவில்லை.

மேடத்திடம் கேட்டு இரண்டு துண்டு காரீய அசிடேட் காகிதம் வாங்கி, டிபன் டப்பாவில் மூடி எடுத்துவந்தேன். ஒன்றை நனைத்துக் கூடத்து ஆணியில் மாட்டினேன். மறுநாள் அது காபிக் கறை படிந்த மாதிரி ஆகியிருந்தது, அதற்கு மறுநாள் நல்ல கறுப்பு. அம்மாவை இழுத்துக்கொண்டு ராயபுரத்துக்கு பஸ் ஏறினேன். பெண் வீட்டார் அழைப்பில்லாமல் போய் நிற்பது வழக்கமில்லை. அம்மா வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கறுத்த காகிதத்தையும், டப்பாவிலிருந்து எடுத்த வெள்ளைக் காகிதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காயிதத்துல மைய பூசிகினு வந்து நின்னா நான் நம்பிடுவனா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். மருமகளுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுக் கொலுசு ஜோடியை எடுத்துவந்து, ஒற்றையை அம்மா கையில் வைத்தார். "இத்த உங்க வூட்ல மாட்டு. இன்னொண்ண நான் இங்க மாட்டிக்கிறேன். யார் கால்லயும் போடக் கூடாது. சொம்மாவே கறுத்துச்சின்னா பொண்ணு மேல பழி இல்ல."

நான் அசந்துபோனேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும் என்று எங்களுக்கு வகுப்பில் ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தும் பாதிப் பேருக்கு ஏறவில்லை. இந்த அம்மாள் நின்ற நிலையில் ஜோடியைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

கொலுசை ஆணியில் மாட்டினோம். அங்கேதான் வந்தது வினை. கால்வாய் வீட்டுக்கு மேற்கே, கடல் கிழக்கே. வழக்கமாக அந்த மாதத்தில் மேல்காற்றுதான் பிய்த்துக்கொண்டு அடிக்கும். அந்த வருஷம் என்ன கேடோ, காலையிலேயே கடல்காற்று ஏறிவந்து, சிலுசிலுவென்று வீட்டை அலசிவிட்டது. நடுவில் ஒரு கோடை மழை வேறு. கொலுசு புதுமெருகு குலையாமல் தொங்கியது. தெருவே "இன்னா காத்து, இன்னா காத்து" என்று பூரித்துக்கொண்டிருக்க, அம்மா கோயிலுக்குப் போய் நாற்றம் வர வேண்டும் என்று தேங்காய் உடைத்தாள். நைனா மட்டும், "சாமியாண்ட போயி இத்தயா கேப்ப?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அக்கா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள். ஆனால் கூடத்தைப் பெருக்குகிற சாக்கில் ஆணிக்குக் கீழே மட்டும் வெகுநேரம் பெருக்குவாள்.

ஆடிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது காற்று திரும்பியது. எங்களுக்கு வழக்கம்போல மூக்கில் ஒன்றும் தெரியவில்லை. எண்ணூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா வாசலிலேயே நின்று, "இன்னா அண்ணி, கலீஜா நாறுது!" என்று மூக்கைப் பிடித்தார். அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தில் அவருக்கு முட்டை தோசை கிடைத்தது. ஆடி பிறப்பதற்கு முன்னாலேயே கொலுசில் முத்து முத்தாகக் கறுப்பு இறங்கிவிட்டது.

ராயபுரத்தில் இரண்டு கொலுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்று நிலா மாதிரி, ஒன்று கரி. மாப்பிள்ளையின் அம்மா புடவைத் தலைப்பால் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். "பொண்ணு தங்கம். உங்க வூட்டுக் காத்துதான் நாசம்" என்றார். முதல் வார்த்தையிலேயே எங்களுக்குக் காது அடைத்துவிட்டது. இரண்டாவதை யாரும் சரியாகக் கேட்கவில்லை. ஆவணியில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்களெல்லாம் என்னைக் 'காயிதக்காரி' என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருஷம் அக்கா உண்டானாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அம்மா உள்ளறைக்கு வெள்ளையடித்தாள், பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்தாள், பூண்டும் கருப்பட்டியும் வாங்கிச் சேர்த்தாள். வளைகாப்பு முடிந்ததும் அக்காவை அழைத்துவர ராயபுரத்துக்கு டாக்ஸியில் போனோம். அக்கா இரண்டு கையும் வளையலாக, பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சம்பந்தியம்மா பெட்டியைத் தூக்க விடவில்லை. கோபமாகப் பேசவில்லை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார். "தப்பா நென்ச்சிக்காத சம்மந்தி. வெள்ளியே கறுத்துப் போற வூடு. அங்க எப்டி பச்சக் கொழந்தைய வெச்சிக்கினு இருப்ப? உன் சின்னப் பொண்ணுதானே காட்டிச்சி, நீயே கேட்டுப் பாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. அக்கா அழுதாள், ஆனால் அவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். காலில் அந்த ஜோடிக் கொலுசு, மெருகு போட்டு, இரண்டும் ஒன்றுபோலப் பளபளவென்று இருந்தது.

அக்கா இல்லாமலே டாக்ஸியில் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா, வெள்ளையடித்த அறையின் வாசலில் நின்று, "உன்னையும் உங்கக்காவையும் நான் இங்கதான்டி பெத்தேன்" என்றாள். "அப்போ இந்தக் காத்துல இன்னா கீதுன்னு எனக்கு யாரும் சொல்லல."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மா உள்ளே போய், மடித்து வைத்த துணிகளையெல்லாம் ராயபுரத்துக்கு அனுப்ப ஒரு பையில் போட ஆரம்பித்தாள்.