மடியில் உட்காரும் மெனு

லாங்கிக்கு ஒரு வேண்டாத பழக்கம் உண்டு. எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கமாட்டாள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு எப்படிப் போகவிட்டிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பாள். எங்கோ ஒரு ரொட்டிக்கடை தன் சைட்டில் பக்கம் மாற்றுகிற மெனுவை ஃபிரிட்ஜ் மாதிரி செய்திருந்தது. கதவைத் திறந்தால் பாட்டில் மூடியில் ஒரு பக்கம், முட்டைத் தட்டில் ஒரு பக்கம். இன்னொன்றில் பியானோக் கட்டையை அமுக்கினால் பக்கம் மாறும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு தனியாகச் சிரிப்பாள். எங்கள் தீவின் தலைநகரான ஆப்பியாவில் வெப்சைட் செய்து பிழைக்கிற நாலைந்து பேரில் அவளும் ஒருத்தி. மற்றவர்கள் விற்கிற சைட்டில் மேலே ஒரு கோடு, கோட்டில் ஐந்து வார்த்தை, அவ்வளவுதான். மலிவு, சீக்கிரம் முடியும். அதனால் ஆர்டர் எல்லாம் அவர்களுக்கே போயிற்று.

நியூசிலாந்தில் இருக்கிற அக்கா எசெட்டா வாரம் தவறாமல் போன் பண்ணுவாள்.

"இங்க பழம் பேக் பண்ற இடத்துல ஆள் எடுக்கறாங்கடி. நான் சொன்னா உடனே எடுத்துப்பாங்க. நீ அங்க உக்காந்துக்கிட்டு பொம்மை வரைஞ்சது போதும்."

"ஒரு வேலை வர்ற மாதிரி இருக்கு அக்கா. அது கெடைக்கலேன்னா வந்துடறேன்."

அந்த ஒரு வேலை ஃபெலீலா அத்தையுடையது. ஃபாங்காலுவா கிராமத்துக் கடற்கரையில் அத்தைக்குக் குடில்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் வந்து தங்கி, மீன் தின்று, வெயிலில் சிவந்து திரும்புவார்கள். மகள் சூலு சமையல், மகன் தவீத்தா படகு. அத்தை அப்பா வழியில் தூரத்துச் சொந்தம். ஆனாலும் சொந்தம் என்பதற்காக வேலை கொடுக்கிற ஆள் இல்லை. ஆக்லாந்திலிருந்து ஒரு கம்பெனி ஏற்கனவே மாதிரி அனுப்பியிருந்தது.

லாங்கி முதலில் கொண்டுபோனது ஆமை. திரையில் கடல், கடலில் ஆமை நீந்தும், ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் ஒரு பக்கம். எந்த ஊர் சைட்டிலோ மீன் நீந்தக் கண்டு ஆசைப்பட்டுச் செய்தது. அத்தை விரலால் துரத்தித் துரத்திப் பார்த்தாள். ஆமை சிக்கவில்லை.

"சாப்பாடு என்னன்னு தெரிஞ்சுக்கணும்னா இதைப் பிடிக்கணுமா?"

"ஆமா அத்தை. ஒரு விளையாட்டுதான்."

"ஆமை பிடிச்சா நம்ம ஊர்ல அபராதம் போடுவாங்க. தெரியுமில்ல? வேற கொண்டா. பாதிரியார் ஞாயித்துக்கிழமை விருந்துக்கு வரார், அன்னிக்கே காட்டு. என் குடும்பத்து முகத்தைப் போடு. கடல் எல்லாருக்கும்தான் இருக்கு."

முகத்தைப் போடு என்றதும் லாங்கிக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீடு திரும்புகிற பஸ்ஸில்தான் தோன்றியது.

எங்கள் பஸ்ஸில் யாரும் நின்று பார்த்திருக்கமாட்டீர்கள். இடம் தீர்ந்துபோனால் மடி இருக்கிறது. வயதான அம்மாள் ஒருத்தி ஏறினால் முன் சீட்டுக்காரன் எழுந்து பின்னால் போவான், பின்னால் இருப்பவன் இன்னொருவன் மடியில் உட்காருவான், யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பலகை சீட்டு முழுவதும் ஒருமுறை கலைந்து மறுபடி அடங்கும். லாங்கி தினமும் போகிற பஸ்ஸை ஓட்டுகிறவன் அவளுடைய அண்ணன் சிமி. அவனுக்குப் பின்னால் ஜன்னலோரம் அவள் இடம். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். இருந்தாலும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசிக்கொண்டதில்லை. சண்டை ஒன்றுமில்லை, மரியாதைதான். அக்கா தங்கை முன்னால் கண்டபடி பேசுவதோ, ஒட்டி உட்காருவதோ எங்கள் பக்கத்தில் கிடையாது. அவன் அவளுக்காகச் செய்வதெல்லாம் அந்த ஜன்னலோரத்தைக் காலியாக வைத்திருப்பது.

அன்று வாவோசா என்கிற மீன்காரி கூடையோடு ஏறினாள். பஸ் முழுக்கக் கலைந்து அடங்கிற்று. லாங்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜும் பியானோவும் தேடி உலகமெல்லாம் சுற்றியவளுக்குத் தன் மூக்குக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த மெனு அப்போதுதான் கண்ணில் பட்டது.

அந்த வாரம் முழுக்க வரைந்தாள். திரையில் ஒரு பஸ். அதில் ஒவ்வொரு ஆளும் ஒரு பக்கம். குடில்களுக்கு ஃபெலீலா அத்தை, சாப்பாட்டுக்குச் சூலு, படகுக்குத் தவீத்தா, ஞாயிறு வழிபாட்டுக்குப் பாதிரியார், எப்படி வருவது என்பதற்குத் தினமும் பஸ்ஸில் கோழிக்கூடையோடு வருகிற புலோவு கிழவர். யாரைத் தொட்டாலும் அவர் முன் சீட்டுக்கு வருவார், மற்றவர்கள் நகர்வார்கள், இடமில்லாதவர் யார் மடியிலாவது உட்காருவார். யார் மடியில் யார் என்பதைக் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு முடிவு பண்ணும். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தால்தானே சிரிப்பு. பாதிரியாருக்கு மட்டும் விதி எழுதினாள். அவர் யார் மடியிலும் உட்காரமாட்டார், அவர் மடியிலும் யாரும் உட்காரமாட்டார்கள். அவ்வளவு ஜாக்கிரதையான பெண்.

ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து அத்தை வீட்டில் விருந்து. சுட்ட கற்களில் வெந்த பன்றி, ஈரப்பலா, பாலுசாமி என்கிற, தேங்காய்ப்பால் கசிகிற சேப்ப இலைப்பொட்டலம். பாதிரியார் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்ததும் லாங்கி கணினியை மாட்ட, டிவியில் பஸ் வந்தது. புலோவு கிழவர் பாதிரியாரைத் தாண்டிப்போய் அத்தையின் மடியில் கோழிக்கூடையோடு உட்கார்ந்ததற்கு அத்தையே சிரித்தாள். லாங்கிக்கு உயிர் வந்தது.

"படகைக் கொஞ்சம் பார்க்கலாமே" என்றார் பாதிரியார்.

லாங்கி தவீத்தாவைத் தொட்டாள். தவீத்தா எழுந்து முன் சீட்டுக்கு வந்தான். எல்லோரும் நகர்ந்தார்கள். சூலுவுக்கு இடமில்லை. அவள் நேராக வந்து தவீத்தாவின் மடியில் உட்கார்ந்தாள். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது விழாமலிருக்க மடி கொடுத்தவர் கழுத்தைப் பிடித்துக்கொள்வது போல் லாங்கி ஆசையாக வரைந்திருந்தாள். பஸ் பள்ளத்தில் இறங்கிற்று. சூலு தன் அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பஸ் ஏறிற்று. மறுபடி இறங்கிற்று.

நிஜத் தவீத்தா தட்டை வைத்துவிட்டுப் பின்பக்கமாக வெளியே போனான். நிஜச் சூலு தலையைத் தூக்கவே இல்லை. பாதிரியார் இந்த வருஷம் ஈரப்பலா நல்ல காய்ப்பு என்றார்.

லாங்கிக்கு நிறுத்துகிற பொத்தான் எது என்றே மறந்துபோனது. இத்தனை நாளும் அவர்களைப் படகு, சாப்பாடு என்றுதான் நினைத்திருந்தாள். அண்ணன் தங்கை என்று ஒரு தடவையாவது நினைத்திருந்தால் போதும். பாதிரியாருக்கு விதி எழுதத் தெரிந்தது, இது தெரியவில்லை. வெளியூர்க்காரி செய்திருந்தால் மன்னித்துவிடலாம். இங்கேயே பிறந்து வளர்ந்தவள் செய்தால் அவமானம். காது மடல் வரைக்கும் சுட்டது.

அத்தை திட்டவில்லை. வாசல் வரை வந்து மிச்சச் சாப்பாட்டை இலையில் கட்டிக் கொடுத்தாள்.

"ஆக்லாந்துக்காரன் அனுப்பினதுல சிரிப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அதுல யாரும் யார் மடியிலயும் உக்காரல."

"சரி பண்ணிடறேன் அத்தை."

"நாளன்னிக்கு அவனுக்கு நான் பதில் சொல்லணும்" என்றாள் அத்தை.

எங்கள் தீவில் சேதி பஸ்ஸை விட வேகமாகப் போகும். திங்கட்கிழமை காலை லாங்கி ஏறும்போதே வாவோசா ஆரம்பித்துவிட்டாள்.

"வாம்மா. உன் பஸ்ல டிக்கெட் எவ்வளவு? யார் மடி வேணும்னு நாமளே சொல்லலாமா, இல்ல அதுவா ஒக்கார வைக்குமா?"

பின்னாலிருந்து ஒருவன், "பாதிரியார் மடி மட்டும் ரிசர்வாம்" என்றான்.

பஸ் முழுக்கச் சிரித்தது. சிமியின் பிடரி சிவந்தது. தங்கை காதில் இப்படிப்பட்ட பேச்சு விழும்போது ஒரு அண்ணன் அங்கே இருக்கக்கூடாது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எங்கே போவான்? கையை நீட்டிப் பாட்டுச் சத்தத்தை முழுக்கத் திருகினான். அதற்கப்புறம் வாவோசாவின் வாய் அசைவதுதான் தெரிந்தது.

மருத்துவமனை திருப்பத்தில் நர்ஸ் உடுப்பில் ஒரு பெண் ஏறினாள். முன் சீட்டில் தடித்த ஆள் ஒருவன் யார் மடியிலோ அரைத்தூக்கத்தில் இருந்தான். அவள் கால் படியில் பட்டதும் எழுந்தான். பின்னால் போகிற வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுக்கு வழிவிட்டு நடுவில் எல்லோரும் ஒரு தரம் புரண்டு அடங்கினார்கள். நர்ஸ் முன்னால் உட்கார்ந்தாள். அவள் அவனுடைய அக்காவாகவோ தங்கையாகவோ இருக்கவேண்டும். அதை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நேற்றுத் தவீத்தா எழுந்து போனதும் இதேதான். அது விருந்து கெட்டுப்போனதன் அடையாளம் என்று லாங்கி இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் அவன் அவள் மெனுவை எப்படிச் செய்யவேண்டும் என்று அவள் கண்ணெதிரே செய்துகாட்டிவிட்டுப் போயிருக்கிறான். லாங்கி டவுனில் இறங்காமல் அதே பஸ்ஸில் உட்கார்ந்து கணினியை மடியில் வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள். சிமி கண்ணாடியில் பார்த்தான்.

மறுநாள் ஃபெலீலா அத்தை குடிலுக்கு வெளியே சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைக்காமலே விரல் கணுவால் திரையைத் தொட்டாள்.

"இவளைத் தொட்டா?"

"தொடுங்க அத்தை."

சாப்பாட்டைத் தொட்டாள். சூலு முன்னால் வந்தாள். முன் சீட்டிலிருந்த தவீத்தா சட்டென்று எழுந்தான், எல்லோரையும் தாண்டி, கோழிக்கூடையை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்து, கடைசி சீட்டுக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அத்தை படகைத் தொட்டாள். தவீத்தா பாதி தூரம் முன்னால் வந்தான், சூலுவைப் பார்த்தான், நின்றான். சூலு தானாக எழுந்து பாதிரியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தபிறகுதான் அவன் முன்னால் வந்தான்.

அத்தையின் தோள் குலுங்க ஆரம்பித்தது. கத்தியைக் கீழே வைத்தாள். மறுபடி சாப்பாடு, மறுபடி படகு, மறுபடி சாப்பாடு. பாவம் தவீத்தா பஸ்ஸுக்குள் நடையாய் நடந்தான்.

"சூலு, இங்க வாடி" என்று கத்தினாள்.

சூலு வந்து அம்மாவின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். அந்த நேரத்தில் நிஜத் தவீத்தா துடுப்போடு கடல் பக்கத்திலிருந்து வந்தான். தங்கை குனிந்து நிற்பதைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கித் தென்னைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். அத்தை அவனையும் திரையையும் மாறிமாறிக் காட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அம்மா" என்றான் அவன், தென்னையைப் பார்த்துக்கொண்டே. "கடைசி சீட்டுல எனக்கு ஜன்னல் உண்டான்னு கேளு."

"உண்டு" என்றாள் லாங்கி, அவளும் அத்தையிடமே.

அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆக்லாந்துக்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன். கடற்கரைக் குடில்காரங்க சங்கத்துல மத்தவங்களும் கேப்பாங்க. அவங்க குடும்பத்துல யார் யாருக்கு என்ன உறவுன்னு முதல்லயே கேட்டு வெச்சுக்கோ."

சாயங்காலம் மார்க்கெட்டில் பஸ் புறப்படக் காத்திருந்தது. வாவோசா லாங்கியின் போனைப் பிடுங்கிக்கொண்டு தவீத்தாவை நடக்கவிட்டாள். சிரிப்பு அடங்காமல் பக்கத்து மடிக்குக் கொடுத்தாள். போன் மடி மடியாக பஸ்ஸைச் சுற்றிவிட்டு டிரைவர் சீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

சிமி வெகுநேரம் பார்த்தான். திரையிலும் டிரைவர் ஒருவன் இருந்தான். தோளில் துண்டு, காதுக்குப் பின்னால் பூ, சிவந்த பிடரி. சிமி வாவோசா பக்கம் திரும்பினான்.

"டிரைவரைத் தொட்டா என்ன ஆகும்?"

வாவோசா அந்தக் கேள்வியைத் தூக்கிப் பின்னால் போட்டாள். "கேக்கறான் பாரு உங்கண்ணன்."

"எந்தப் பக்கத்துல இருந்தாலும் முதல் பக்கத்துக்கு, வீட்டுக்குத் திரும்பிடலாம்" என்றாள் லாங்கி. "அவரை மட்டும் யாரும் இடம் மாத்த முடியாது."

சிமி தொட்டான். ஒருமுறை, இன்னொருமுறை. பிறகு போனை மடி மடியாகத் திருப்பி அனுப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினான். வழக்கம்போலப் பாட்டு அலறியது. சந்தை தாண்டி, மாதா கோயில் தாண்டி, கடலோரம் திரும்பும்போது அவன் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினான். அந்த பஸ் பாட்டில்லாமல் ஓடி யாரும் கேட்டதில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள்.

"எசெட்டா நியூசிலாந்துக்குக் கூப்பிட்டாளே, என்ன சொன்ன?" என்று கேட்டான், கண்ணாடியைப் பார்த்து.

"வரலேன்னுட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். அவன் அழுகிறான் என்பது லாங்கிக்குத் தெரிந்தது. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.