போன்சுவின் சரிபாதி

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் பொருத்திக்கொண்டு கண்ணை மூடுகிறார் போன்சு. சுற்றி நிற்கும் ஓட்டுநர்கள் மூச்சுக்கூட விடக் கூடாது. “மூணாவது பிஸ்டன். வேற எதையும் தொடாதே” என்பார். குமாசியின் பட்டறைத் தெருவில் அவர் சொல் தவறியதில்லை. அந்தக் கர்வம் இஞ்சினோடு நின்றிருந்தால் நல்லது. ஊரார் குடும்பத்துக் கோளாறுகளையும் அவர் இப்படியே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்.

வயது ஐம்பத்திரண்டு. எண்ணெய்க் கையோடு ஃபூஃபூக் களியைத் தொடமாட்டார். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவுவார். பிள்ளைகளைப் பார்த்து யாராவது “அப்படியே உங்க ஜாடை” என்றால் போதும், ஆரம்பித்துவிடுவார். “ஜாடை என்னுது, ஆவியும் என்னுது. ரத்தம் மட்டும் அவங்கம்மா வீட்டுது. நான் என்ன தாய்மாமனா?” அசாந்தியர் எல்லோரும் சொல்வதுதான். இங்கே ரத்தம் தாய் தருவது, ஆவி தகப்பன் தருவது என்பது நம்பிக்கை; குலமும் சொத்தும் தாய்வழி, தாய்மாமனிடமிருந்து வரும். போன்சு சொல்லும்போது கொஞ்சம் குத்தலும் சேர்ந்துகொள்ளும்.

மூத்த மகள் போக்குவாவுக்கு லூபஸ் வந்தது. உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்கிக்கொள்ளும் நோய். கன்னத்தில் தடிப்பு, மூட்டில் வலி என்று தொடங்கி, ஒரே வருடத்தில் கால்கள் வீங்கி, சிறுநீரகம் பாதி போய்விட்டது. குடும்பக் கூட்டத்தில் போன்சு தன் மனைவி செர்வாவின் அண்ணன் அடுசேயைப் பார்த்து எல்லோர் முன்னாலும் சொன்னார்: “கோளாறு உங்க வீட்டு ரத்தத்துல இருக்கு மச்சான். நான் பாக்காத கோளாறா?”

பெண் எடுக்கும் முன் அந்த வீட்டில் என்ன நோய் என்று விசாரிப்பது இங்கே வழக்கம். செர்வாவின் கடைசித் தங்கை அடோமாவுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் பத்தே நாளில் நின்றது. செர்வா அன்றிலிருந்து கணவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

மரபணுப் பரிசோதனைக்கு அப்பா அம்மா இருவரின் ரத்தமும் வேண்டும் என்றார் டாக்டர் நார்ட்டே. “என்னுது எதுக்கு டாக்டரம்மா? அதுல ஒரு சொட்டுகூட அவகிட்ட இல்லியே” என்று சிரித்தபடி கையை நீட்டினார் போன்சு.

போன செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது.

“சிறுநீரகத்தோட சம்பந்தப்பட்ட ஒரு மரபணு ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு பிரதி இருக்கும். போக்குவாவுக்கு ரெண்டுமே மாறியிருக்கு. ஒண்ணு மட்டும் மாறியிருந்தா பெரும்பாலும் தொந்தரவு இல்ல. ரெண்டும் சேர்ந்து, லூபஸும் வந்துட்டா சிறுநீரகம் தாங்காது” என்றார் டாக்டர். “ஒண்ணு அம்மா குடுத்தது. இன்னொண்ணு நீங்க குடுத்தது.”

“நானா?”

“சரிபாதி.”

“ஆள் மாத்தி எழுதிட்டாங்களோ?”

“ரெண்டு தடவ பாத்தாச்சு ஐயா.”

போன்சுவின் முகத்தில் ஈயாடவில்லை. “அப்ப என் ரத்தமும் அவ உடம்புல ஓடுதா?” என்று கேட்டார். இருபது வருடமாக இல்லையென்று நினைத்திருந்த சொந்தம் கிடைத்த நாளும், அந்தச் சொந்தமே மகளைத் தின்பதாகத் தெரிந்த நாளும் ஒன்றாகவே வந்து தொலைத்தன. சந்தோஷப்படவும் முடியவில்லை, அழவும் வரவில்லை.

செர்வாதான் பேசினாள், பல மாதங்களுக்குப் பிறகு. “இத அடோமாகிட்ட யாரு சொல்றது?”

போன்சு நேரே அடுசே வீட்டுக்குப் போனார். உச்சி வெயில். முற்றத்தில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அடோமா நிமிர்ந்து பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. “என்ன ஃபிட்டர், இன்னும் என்ன கோளாறு கண்டுபிடிச்சீங்க?” என்றார் அடுசே, உட்கார்ந்தபடியே.

இந்த ஊர் ஆண்கள் குலத்தலைவர் முன்னால்தான் பணிந்து வெறுங்காலோடு நிற்பார்கள். போன்சு செருப்பைக் கழற்றினார். கொதிக்கும் மண்ணில், அடோமாவின் முன்னால் போய் நின்றார்.