பொட்டு வைத்த ஃப்ளாப்பி

"டிஸ்க் காலி" என்று அந்த ஆபீசர் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை எழுதித் தருகிற டாக்டரிடம்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன், இதில் பாதி அந்த ஆள் கொடுத்தது என்று. டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கீழப்பழுவூரிலிருந்து தினமும் பஸ். ஆலைக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் எங்கள் ஜனங்களின் கொல்லைக்கு அடியில் கிடந்தது. கம்பும் கடலையும் போட்டுக்கொண்டிருந்த அந்த மானாவாரிக் கொல்லைகளை ஆலை வாங்கியது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்பது பேச்சு. அந்த வாக்கை நம்பித்தான் பலபேர் கைநாட்டு வைத்தார்கள். யார், எந்த சர்வே நம்பர், அந்த வீட்டில் யாருக்கு வேலை என்று ஒரு பட்டியல் தயாரானது. மொத்தம் இருபத்தெட்டு வரி. ஆபீசுக்கு முதன்முதலாக வந்த கம்ப்யூட்டரில் அதை அடித்தவள் நான்.

பதினோராவது வரி ஒரு விதவை அம்மாவுடையது. ரெண்டரை ஏக்கர். வேலை அவருடைய மகளுக்கு. பத்தாவது பாஸ் பண்ணின பெண். அந்த அம்மா ஆபீசுக்கு வந்தபோது என் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பேரு எது பாப்பா?" என்று கேட்டார். பச்சை எழுத்தில் மின்னிய வரியைக் காட்டினேன். "பச்சையா நல்லா இருக்கு" என்றார்.

மூன்று வருஷம் வேலை வரவில்லை. "வரும், வரும்" என்றார்கள். அதற்குள் பழைய ஆபீசர் மாற்றலாகிப் போக, வெளியூரிலிருந்து புது ஆபீசர் வந்தார். அவரோடு புது கம்ப்யூட்டரும் வந்தது. பழைய மெஷினை, உடைந்த டைப்ரைட்டர்களோடு சேர்த்து ஏலத்தில் காயலான் கடைக்காரருக்குத் தள்ளிவிட்டார்கள். அது திருச்சிக்கு லாரியில் போனதை நானே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதோடு என்ன போகிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்த மட்டித்தனத்துக்கு என் மேலேயே எனக்குக் கோபம் உண்டு.

ஒரு நாள் வேலை ஆர்டர் கொடுக்க வேண்டியவர்களின் புதுப் பட்டியல் வந்தது. அதுவும் இருபத்தெட்டு வரிதான். ஆனால் பதினாலு பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் பக்கத்துப் பெயர்களே இல்லை. பதினோராவது வரியில் ஆபீசரின் ஊர்க்காரப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

ஃபைலை எடுத்துப் பார்த்தேன். பழைய பட்டியல் இருந்த தாள் மட்டும் இல்லை. டேக் கயிற்றில் கிழிந்த காகிதத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"சார், பழைய லிஸ்ட் ஃப்ளாப்பியில இருக்குங்க" என்றேன். என் பீரோவிலிருந்து ரெண்டு ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று அசல், இன்னொன்று அதன் நகல். புது மெஷினில் போட்டார். அது கொஞ்ச நேரம் முனகிவிட்டு, படிக்க முடியவில்லை, விட்டுவிடவா, மறுபடி பார்க்கவா என்று இங்கிலீஷில் கேட்டது. இன்னொன்றைப் போட்டார். அதற்கும் அதே கேள்வி.

"டிஸ்க் காலிம்மா. ஃபார்மேட் பண்ணி வேற வேலைக்கு வெச்சுக்க. கம்ப்யூட்டர்ல இல்லைன்னா இல்லைதான்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலி இல்லை என்று எனக்குத் தெரியும். அடித்த விரல் என்னுடையது. சரிங்க சார் என்று சொல்லிவிட்டு ரெண்டையும் டிபன் பாக்ஸ் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் இடம் புதிதாகத் திறந்திருந்தார்கள். ஏ.சி. அறை. வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், கோயில் மாதிரி. அங்கே இருந்த மாஸ்டருக்கு என் வயசுதான் இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் ஃப்ளாப்பியைக் கையில் வாங்காமலேயே சொல்லிவிட்டார்.

"காலியெல்லாம் இருக்காதுங்க. உங்க பழைய மெஷின் ஓடினது சி.பி.எம்.ங்கற சிஸ்டத்துல. புதுசு ஓடறது டாஸ்ல. நோட்டு ஒண்ணுதான், கோடு போட்டது வேற. அது எழுதினதை இதுக்குப் படிக்கத் தெரியல, அவ்வளவுதான். படிக்க வெக்கிற புரோகிராம் ஒண்ணு திருச்சியில ஃப்ரெண்டுகிட்ட வாங்கி வெச்சிருக்கேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவுதான் விஷயமா? இதைத் தெரிந்துகொள்ள அந்த ஆபீசருக்கு ஒரு போன் போதுமே!

அவர் ஃப்ளாப்பியை உள்ளே போட்டார். டிரைவ் கறகறவென்று கத்தியது. வெளியே இழுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"யாருங்க இதுக்குப் பொட்டு வெச்சது?"

நான்தான் வைத்தேன். ஆபீசில் ஆயுத பூஜை என்றால் சந்தனம் குங்குமம் வைப்பது பெண்கள் வேலை. டைப்ரைட்டருக்கு வைத்தோம், பஞ்சிங் மெஷினுக்கு வைத்தோம், கம்ப்யூட்டர் திரைக்கு வைத்தோம். ஃப்ளாப்பிக்கும் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என் ஆயுதம் அதுதானே? அதை உறையிலிருந்து எடுத்தேன். எங்கே வைப்பது? கறுப்பு அட்டையில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும், உள்ளே காப்பி நிறத்தில் வட்டத் தகடு தெரியும். அதுதான் நெற்றி மாதிரி இருந்தது. அங்கே வைத்தேன். அசலுக்கு வைத்துவிட்டு நகலுக்கு வைக்காமல் விட்டால் சாமி குத்தம் ஆகிவிடும் என்று அதற்கும் வைத்தேன். மூன்று ஆயுத பூஜை. மெஷின் போன பிறகும் பீரோவிலிருந்து எடுத்து, பக்தியாக, ரெண்டுக்கும் சமமாக.

ஒன்று கெட்டால் இன்னொன்று உதவும் என்றுதான் நகலே எடுப்பார்கள். அந்த வழியையும் என் விரலாலேயே அடைத்து வைத்திருந்தேன்.

மாஸ்டர் கத்தினார். அவர் டிரைவின் தலையில் என் சந்தனம் அப்பியிருந்தது. "இது என்ன ஆட்டுக்கல்லா? உள்ள காந்தம் இருக்குங்க, எழுத்து இருக்கு. படிச்சவங்கதானே நீங்க?" என்று கேட்டார். கேட்டது நியாயம். ஆபீசர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த ஒரு மணி நேரம் முழுக்க என் மேல் திரும்பியது. ஊரார் வயிற்றில் அடிக்க ஒருத்தன் வெளியூரிலிருந்து வர வேண்டுமா, நான் ஒருத்தி போதாதா என்று நினைத்துக்கொண்டேன்.

திட்டி முடித்ததும் அவர் ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்து டிரைவைத் துடைத்தார். பிறகு பிளேடு எடுத்தார். ஃப்ளாப்பியின் அட்டையை ஓரத்தில் கீறி, உள்ளேயிருந்த வட்டத்தை நகம் படாமல் உருவினார். என்னிடம் நீட்டினார்.

"வெச்சது நீங்க, நீங்களே கழுவுங்க. தேய்க்காதீங்க."

மாடிப்படி ஓரத்துக் குழாயில், ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு, கைக்குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற பதத்தில் கழுவினேன். மூன்று வருஷச் சந்தனம் மெதுவாகத்தான் விட்டது. குங்குமம் கையெல்லாம் சிவப்பாக ஓடியது. மின்விசிறிக்குக் கீழே சுத்தமான வேட்டித்துணியில் காயப்போட்டோம். மாஸ்டர் ஒரு புது ஃப்ளாப்பியின் அட்டையைக் கிழித்து, அதற்குள் இருந்ததை எடுத்துவிட்டு இதைச் செருகினார்.

அந்தப் புரோகிராமுக்கு எந்த மெஷினில் எழுதியது என்று சொல்ல வேண்டும். அதில் இருந்த வரிசையெல்லாம் வெளிநாட்டு மெஷின். நம்முடையது இல்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். குப்பை வந்தது. இன்னொன்று, வேறு குப்பை. மத்தியானம் தாண்டிவிட்டது. எத்தனையாவதோ தடவையில் திரையில் நான் வைத்த ஃபைல் பெயர் வந்து நின்றது. திறந்தார். கடைசி மூன்று வரி சிதைந்திருந்தது; நல்லவேளை, அந்த மூன்று பேரும் புதுப் பட்டியலிலும் இருந்தவர்கள். மற்றதெல்லாம் இருந்தது. பதினோராவது வரி, அந்த அம்மா, ரெண்டரை ஏக்கர், மகள். நான் "இருக்கு, இருக்கு" என்று கத்தியதில் கீழே டீக்கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

புது ஃப்ளாப்பியில் டாஸ் படிக்கிற மாதிரி காப்பி எடுத்துக் கொடுத்தார். மறுநாள் காலை ஆபீசருக்கு முன்னால் அதை அவர் மெஷினிலேயே போட்டேன். பட்டியல் வந்தது. அந்த அம்மாவையும் வரச்சொல்லியிருந்தேன். கதவோரம் நின்றார்.

ஆபீசர் பட்டியலைப் படிக்கவே இல்லை. ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் இருந்த தேதியைக் காட்டினார்.

"ஏம்மா, இது நேத்து செஞ்ச ஃபைல். ஞாயித்துக்கிழமை உக்காந்து நீயே அடிச்சிருக்க."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. பழைய மெஷின் ஃபைலுக்குத் தேதி எழுதாது. புது மெஷின் எழுதும், காப்பி எடுத்த நாளின் தேதியை. மூன்று வருஷத்துப் பட்டியலுக்கு நேற்றுப் பிறந்ததாகச் சாட்சி சொன்னது அந்தப் பெட்டி.

"சார், அந்தத் தேதிக்கு அர்த்தமே இல்லைங்க, பாருங்க" என்று மெஷினை அணைத்து மறுபடி போட்டேன். அது வழக்கம்போல இன்று என்ன தேதி என்று கேட்டது. நானாக ஒரு பழைய தேதியைக் கொடுத்தேன், அந்த ஆபீஸ் கட்டடமே இல்லாத காலத்துத் தேதி. பட்டியலைத் திறந்து மறுபடி சேமித்தேன். ஃபைலுக்கு அந்தத் தேதி விழுந்தது.

"பாத்தீங்களா சார்? நாம என்ன சொல்றமோ அதைத்தான் எழுதுது."

"ஓ, தேதி மாத்தவும் தெரியுமா உனக்கு?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். உண்மையை நிரூபிக்கப் போய், பொய் செய்யத் தெரிந்தவள் என்று நானே செய்து காட்டியிருந்தேன். அந்த மானிட்டரைத் தூக்கி அவர் தலையில் போட்டால் என்ன என்று நிஜமாகவே நினைத்தேன்.

கதவோரம் நின்ற அம்மா என்னைக் கேட்டார். "பாப்பா, என்ன சொல்றாரு? எம் பேரு இருக்கா இல்லியா?"

"இருக்குங்கம்மா. செல்லாதுங்கறாரு."

அவர் உள்ளே வந்தார். ஆபீசரைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"சரிங்க சாமி. எம் பேரு இல்லன்னா நான் நெலம் குடுக்கலன்னுதான அர்த்தம்? அப்ப அது எங் கொல்லதான். நாளைக்கு ஆட்ட ஓட்டியாரேன்."

ஆபீசர் சிரித்தார். அந்தக் கொல்லை அப்போது அறுபதடிப் பள்ளம்.

ஆலையில் தினமும் மதியம் ஒரு மணிக்கு வெடி வைப்பார்கள். அதற்கு முன் மூன்று முறை சங்கு ஊதும். மறுநாள் ஒரு மணி ஆனது, சங்கு ஊதவில்லை. ஒன்றரை ஆனது. குவாரியிலிருந்து போன் வந்தது. அந்த அம்மா பதினேழு ஆட்டையும் மகளையும் கூட்டிக்கொண்டு லாரிப் பாதையில் இறங்கி, வெடிக்குத் துளை போட்ட பாறை மேல் உட்கார்ந்திருந்தார். ஆட்களை விரட்டலாம், ஆட்டை யார் விரட்டுவது? ஒன்றைப் பிடித்தால் நாலு ஓடுகிறது. கல் வராமல் கிரஷர் நின்றது. நாலு மணிக்குப் பெரிய மேனேஜர் ஆபீசரைக் கூப்பிட்டார். திரும்பி வந்தபோது ஆபீசரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஆர்டர் அடிம்மா" என்றார். சொல்லச் சொல்ல அடித்தேன். பழைய கம்ப்யூட்டர் பதிவுகளைச் சரிபார்த்ததில் மேற்படியார் நிலம் கொடுத்தது உறுதியாகிறது என்று வாசகம். நேற்றுப் போலியாக இருந்தது இன்று உறுதியாகிவிட்டது! அந்தப் பெண்ணுக்குச் சாம்பிள் ரூமில் வேலை. கையெழுத்துப் போட்டார்.

"மத்த பதிமூணு பேருக்கும் அடிச்சிரட்டுங்களா சார்?" என்று கேட்டேன். "அதே ஃபைல்லதான் இருக்காங்க."

"அவங்களுக்கு என்னம்மா ஆதாரம்? அந்த ஃபைல்ல தேதி தப்பா இருக்கே" என்றார். கூசாமல் சொன்னார்.

அவர் போனதும் பட்டியலைக் கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்தேன். சாயங்காலம் பஸ்ஸில் வீடுவரை போகவில்லை. நடுவிலேயே இறங்கி, அந்தப் பதிமூன்று பேரில் ஒருவரான பன்னிரண்டாவது வரிக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றேன். வந்த விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே கேட்டேன்.

"ஏங்க, உங்க வூட்ல ஆடு மாடு எத்தனை இருக்கு?"