சேராத வளையம்

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்குப் பழைய இரும்புக் கடை. தோட்டத்தில் மற்ற பிள்ளைகள் கோலகுபு பாருவுக்குப் படம் பார்க்கப் போவார்கள். நான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் பஸ்ஸில் உட்கார்ந்து, நசுங்கிய கார்களைப் பார்க்கப் போவேன். ரவாங் கடைகளை முடித்துவிட்டுப் பத்தாங் காலிக்குப் போவோம். ஒருமுறை யாரோ சொன்னார்கள் என்று பஸ் மாறி மாறி ஜெராம் வரைக்கும் போனோம். கடைக்காரர் குடும்பத்தோடு எங்கோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். பூட்டிய தகரக் கதவின் இடுக்கு வழியாக அப்பா வெகு நேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா சாலையோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வாரம் முழுக்கக் களைக்கொல்லி மருந்து அடித்த தோள் அவளுக்கு. உட்கார இடம் கிடைத்தால் உடனே தூங்கிவிடுவாள்.

எங்கள் தோட்டத்துக்குக் கெர்லிங்கிலிருந்து உள்ளே போக வேண்டும். எண்பதுகளின் நடுவில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். ரப்பர் ஆலையை மூடினார்கள். அங்கே எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு வேலை போயிற்று. செம்பனைக் குலை வெட்டும் வேலை தருவதாக, கூலிகளை மேய்க்கும் மண்டோர் வீடு தேடி வந்து சொன்னார். யோசித்துச் சொல்வதாக அப்பா பதில் சொல்லி அனுப்பினார். பிறகு அவர் யோசித்ததெல்லாம் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் நின்ற காரைப் பற்றித்தான்.

அது ஒரு மோரிஸ் மைனர். தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதிய பெரிய கிராணி ஓய்வு பெற்றுப் போகும்போது ஓடாத வண்டி எதற்கென்று விட்டுப் போனது. கோழிகள் அதில் முட்டை இட்டுக்கொண்டிருந்தன. கோலாலம்பூர் பணக்காரர்கள் கல்யாண ஊர்வலத்துக்கு இந்த மாதிரிக் காரைத்தான் தேடுகிறார்கள் என்று அப்பா சொன்னார். பழையபடியே ஆக்கிவிட்டால் வாடகைக்கு விடலாம், அதன்பிறகு அம்மா மருந்து அடிக்கப் போக வேண்டியதில்லை. அம்மா நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. கோழிகளுக்கு வேறு கூடு கட்டினாள்.

உண்மையில் அந்தக் கார் அத்தனை தூரம் தேறி வந்ததற்கு அம்மாதான் காரணம். எந்தச் சாமான் வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியும். அதைக் கேட்டு வாங்கத் தெரியாது. கடைக்காரர் ஒரு விலை சொன்னால் முகம் சிவந்து திரும்பி நடந்துவிடுவார். அம்மா சிறு வயதில் பத்தாங் காலியில் ஒரு சீனர் வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவள். சீனம் தண்ணீராக வரும். மலாயும் அப்படித்தான். களைத்துப்போன அதே அம்மா, பேரம் என்றால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்துவிடுவாள். கதவுப் பிடி, மட்கார்டு, மீட்டர் எல்லாம் அவள் பேசி வாங்கியவை. கடைசியாக ஒன்று மட்டும் அகப்படவில்லை. இடது பக்க முன்விளக்கைச் சுற்றி வரும் வெள்ளி வளையம்.

அதைத் தேடி மறுபடியும் பத்தாங் காலி கடைக்குப் போன ஞாயிறு நல்ல வெயில். கார்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. அப்பா அவற்றுக்குள் குனிந்து நுழைந்து போய்விட்டார். வாசலில் ஒரு மலாய்க்காரரும் ஒரு தமிழ் லோரி டிரைவரும் ஒரே ரேடியேட்டரைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். கடை முதலாளியான தவுக்கே இருவருக்கும் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள். மலாய்க்காரரிடம் மலாயில் ஏதோ சொன்னாள். டிரைவரிடம், "ஏண்ணே, ஒங்க லோரிக்கு இது பத்தாதுண்ணே. அந்தாண்ட கெடக்கே பெருசு, அதப் பாருங்க லா" என்றாள். கடைசியில் இருவரும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

தவுக்கே வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவிடம் சீனத்தில் நீளமாக எதையோ சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. அதற்குள் அப்பா தலையெல்லாம் துரு ஒட்ட வெளியே வந்தார்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்லங்க. கடைக்கு ஆள் வேணுமாம்."

அப்பா உடனே கையைக் காற்சட்டையில் துடைத்தார். சட்டையை உள்ளே செருகிக்கொண்டார். தலையில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிவிட்டார். ஆலை மூடிய பிறகு அவர் அவ்வளவு வேகமாக அசைந்து நான் பார்த்ததில்லை.

"எப்பலேருந்து வரணுமாம்? கேளு."

அம்மா தரையைப் பார்த்தாள். "ஒங்கள இல்லங்க" என்றாள். "என்னையத்தான் கேக்கறாரு."

அப்பா தவுக்கேயைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். "நல்லதுதானே. மருந்து நாத்தம் இல்ல. போயேன்" என்றார். எனக்கு ஒரே குதூகலம். பள்ளி விடுமுறையில் அத்தனை கார்களும் எனக்கு விளையாடக் கிடைக்கும். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

அம்மா வேலைக்குப் போக ஆரம்பித்தாள். விடியுமுன்னே தோட்டத்து லோரியில் ஏறிப் பெரிய சாலைக்குப் போய் பஸ் பிடிப்பாள். சாயங்காலம் கறுத்த கைகளோடு வந்து குழாயடியில் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்ப்பாள். சோறு வடிப்பதும் எனக்குச் சடை போடுவதும் அப்பா வேலையாயிற்று. சடை கோணலாக இருக்கும். காரை ஒரு கித்தானால் மூடி வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எங்கேயும் போவதில்லை. கேட்டால், "அம்மா தூங்கட்டும் பாப்பா" என்பார்.

ஒருநாள் அம்மா பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து மேசைமேல் வைத்துப் பிரித்தாள். வளையம். ஒரு கீறல்கூட இல்லை. வந்து இறங்கிய வண்டியிலிருந்து அவளே கழற்றியதாகச் சொன்னாள். கட்டைவிரலில் ஈரம் காயாத வெட்டு இருந்தது.

அப்பா அதைக் கையில் எடுத்தார். ஒருமுறை திருப்பிப் பார்த்தார். மேசைமேல் வைத்தார்.

"இது வேற வருசத்து வண்டியோடது. சேராது."

பத்தாங் காலி முழுக்கப் பேசி ஜெயித்து வருகிறவள் அம்மா. "சரிங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும், அப்பா குளிக்கப் போன நேரம், வளையத்தை எடுத்துக்கொண்டு கித்தானுக்குள் நுழைந்தேன். விளக்கின்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. அம்மா வரும்வரை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, அவள் குழாயடியில் கை கழுவும்போது ஓடிப்போய்க் கத்தினேன்.

"சேருதும்மா! அப்பா தப்பா சொல்லிட்டாரு. வந்து பாருங்க, அப்படியே சேருது!"

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அப்பாவின் கத்திச் சத்தம் நின்றது. அம்மா ஈரக் கையோடு என் தோளைப் பிடித்தாள்.

"ஒன்ன யாரு வச்சுப் பாக்கச் சொன்னா? போய்க் கழட்டு."

சரியானதைச் சொன்னதற்காக நான் திட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. அழுதுகொண்டே போய் நகத்தால் நெம்பினேன். வரவில்லை. அப்பா ஸ்குரூடிரைவரோடு வந்தார். என்னை நகரச் சொல்லி, விளக்குக்குக் கீழே நுனியைக் கொடுத்து மெதுவாக எடுத்தார். தன் பனியனால் அதைத் துடைத்தார். பழைய துணியில் சுற்றி, உள்ளே போய் அம்மாவின் பைக்குள் வைத்தார்.

"நாளைக்கு மறக்காம கொண்டு போயிரு. யாருக்காவது ஆகும்" என்றார்.

அம்மா தலையசைத்தாள். அன்று மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மாவின் தட்டில் அப்பாதான் சோறு போட்டார்.

அடுத்த மாதம் அப்பா மண்டோரைத் தேடிப் போய்க் குலை வெட்டச் சேர்ந்தார். கித்தான் நைந்தபிறகு கோழிகள் தாமாகவே காருக்குத் திரும்பின. எனக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. என் வகுப்புத் தோழியிடம் ஒரு ரகசியம் சொல்லி, யாரிடமும் சொல்லக்கூடாதென்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன். எங்கள் அப்பாவுக்கு வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது, பாவம், இவ்வளவு நாளாக எங்களை ஏமாற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்பதுதான் அது. வெகு காலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.