கூழைக்கடாவுக்கு வராத கிழ யானை

மீன் கவிச்சியோடு ஈர இறகின் வாடையும் கலந்தால் எப்படி இருக்கும் என்பது, பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் ஒரு கூழைக்கடாக் குஞ்சு தங்கியிருந்த அந்தப் பனிக்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்று கூப்பிடுவோம். ஒரு காலையில் அவர் வலையோடு சேர்த்து அதையும் தூக்கிக்கொண்டு வந்தார். உடம்பு வளர்ந்திருந்தும் இறகின் பழுப்பு இன்னும் மாறாத குஞ்சு. நைலான் நரம்பு சுற்றி அறுத்ததில் ஒரு இறக்கை காயப்பட்டுத் தொங்கியது.

“அதோட ஆத்தாளக் காணோம். அங்கியே உட்டா நாய் இஸ்துகினு பூடும்,” என்றார், அம்மா கேட்பதற்கு முன்பே.

அம்மா ஐந்தாவது வரை படித்தவள். இறால் உரிக்கும்போது எனக்கும் தம்பிக்கும் அவள் சொல்வது, பள்ளியில் கேட்ட ஒரே ஒரு யானைக் கதை. காட்டில் தாயை இழந்த குட்டியிடம் தனியாகத் திரியும் ஒரு கிழ யானை வந்து சேரும். அது அதட்டாது, கட்டளை போடாது. வறண்ட ஆற்றில் மணலைத் தோண்டும். குட்டி பார்த்துத் தானும் தோண்டும். எந்தத் தழையை ஒதுக்க வேண்டும், எந்த வாடை வந்தால் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டும். குட்டி தானாகவே தண்ணீர் எடுத்த அன்றைக்குத்தான் கிழ யானை சத்தமில்லாமல் விலகிப் போகும். “எந்தக் குட்டிக்கும் ஒரு கெழவன் வந்து சேருவான்,” என்று அம்மா கதையை முடிப்பாள். நாங்கள் அதை அப்படியே நம்பினோம். கூழைக்கடாவுக்கும் ஒரு கிழவன் பறந்து வருவான் என்று சாயங்காலம் தோறும் வானத்தைப் பார்த்தோம்.

இறக்கை ஆறியது. யாரும் வரவில்லை. அது பறக்கவும் இல்லை. நாங்களே சொல்லிக்கொடுக்க இறங்கினோம். நான் கைகளை விரித்துக் கரையில் ஓடினேன். தம்பி தண்ணீரில் மண்டியிட்டு, முகத்தை முக்கி மீன் பிடிப்பதுபோலச் செய்து காட்டினான். அது எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மடவை மீனுக்காக வாயைத் திறந்தது.

அந்தச் சமயத்தில் ஏரியில் மீன்பாடு விழுந்துபோய், நைனா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறைக்கு ‘கான்ட்ராக்ட்’ வேலைக்குப் போக ஆரம்பித்தார். முதல் வாரத்திலேயே, வெந்துபோன வலக்கை முழுக்கக் கட்டோடு வந்து நின்றார்.

“எப்டி செய்யணும்னு ஒர்த்தரும் காட்டலியா?” என்று அம்மா கேட்டாள்.

“யாரு காட்டுவா? பக்கத்துல நின்னுகினு இருந்தவனும் நேத்து வந்தவன்தான்.”

“நைனாவுக்குக் கெழ யானை எப்போம்மா வரும்?” என்றான் தம்பி.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் கதையை அதன் பிறகு அவள் சொல்லவே இல்லை.

நைனாவால் வலை இழுக்க முடியவில்லை. குஞ்சுக்கு மீனில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கழி ஊன்ற, எல்லோருமாகப் படகில் போய், கூழைக்கடாக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் அதைத் தண்ணீரில் விட்டோம். படகைக் கண்ட கூட்டம் சடசடவென்று எழும்பியது. எங்கள் குஞ்சு மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்பிப் படகை நோக்கி நீந்தி வந்தது.

“சீக்கிரம் தள்ளு,” என்றார் நைனா. “யாரும் திரும்பிப் பாக்காதீங்க.”

பார்த்தோம். இறக்கையால் தண்ணீரை அடித்து அடித்து அது வந்துகொண்டே இருந்தது, எழும்பவே இல்லை. நைனா கட்டுப் போட்ட கையை வீசி, “போ! அவங்களோட போ!” என்று கத்தினார். தம்பி அழ அழ, அம்மா கழியை இன்னும் வேகமாக ஊன்றினாள்.

சில நாட்கள் அது படகு படகாகப் போய் வாயைத் திறந்துகொண்டு நிற்பதாகச் சொன்னார்கள். பிறகு அதைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. நைனா அதே பட்டறைக்குத் திரும்பப் போனார். கையைச் சுட்டுக்கொண்டு சுட்டுக்கொண்டே வேலை பழகினார். அந்தக் கையில் இரண்டு விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை.

இப்போது எங்கள் குப்பத்தின் இளவட்டங்கள் எல்லோருமே கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். படகுகள் நின்ற கரையில் பைக்குகள் நிற்கின்றன. அம்மாவும் இல்லை. நானும் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறேன். போன மாதம் வடக்கிலிருந்து வந்த ஒரு பெண்ணை என் பக்கத்து மிஷினில் நிறுத்தினார்கள். தமிழ் ஒரு சொல் தெரியாது. என் கையைப் பார்த்துப் பார்த்துத் தன் கையை நகர்த்தினாள். எங்கே விரலை வைக்கக் கூடாது என்பதை மட்டும்தான் காட்டி முடித்திருந்தேன். மறுநாளே என்னை வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள். “இன்னும் ரெண்டு நாள் அவகூட இருக்கேன் சார்,” என்று சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார்த்தேன். அவருக்கும் மேலே இருந்து உத்தரவாம். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அவள் மிஷினை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பி, நான் எங்கே போகிறேன் என்று பார்த்தாள்.